நம்ம செட்ல தாளம் யாரு?

ஒரே லேப்டாப். அதுக்குள்ள ரெண்டு சீக்வென்சர். ஒண்ணு டிரம்ஸ், அது ரூம்மேட்டோட பொறுப்பு. இன்னொண்ணு பேஸ், அது என் பொறுப்பு. டிபார்ட்மென்ட் ஃபங்ஷன்ல நாலு நிமிஷ ஷோ. முதல் நிமிஷம் விசில் பறந்துச்சு. ரெண்டாவது நிமிஷம்... டிரம்ஸ் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம்! "டேய், லேப்டாப் ஹேங்குடா!"னு கீழே இருந்து சவுண்டு.

"நீதான் முந்தின!" "நீதான் இழுத்த!"னு மேடைக்குப் பின்னாடியே சண்டை. ஒரே ரூம்ல மூணு நாள் பேச்சே இல்லை.

நாங்க வாசிச்சது வி.சி.வி. ராக்ல. 2017-ல வந்த இலவச சாஃப்ட்வேர். மாடுலர் சிந்தசைஸர்னா சத்தம் உண்டாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டின்னு தனித்தனியா இருக்கும். வயர் போட்டு நாமதான் இணைக்கணும். நிஜப் பெட்டியா வாங்கினா நம்ம பாக்கெட் மணி பத்தாது. இங்கே எல்லாமே ஸ்க்ரீன்ல! சீக்வென்சர் என்பது ஸ்வரங்களை வரிசையா ஓட்டுற பெட்டி. எட்டு படி ஏறி முடிச்சா மறுபடி முதல் படி.

சொதப்பல் எங்கேன்னா, ரெண்டு சீக்வென்சரும் தன் சொந்த டெம்போவுல ஓடிச்சு. அவன் வெச்சது நிமிஷத்துக்கு 120 அடி. நான் திருகினது 120.5. அரை அடிதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு நிமிஷத்துல அவன் 240, நான் 241. முழுசா ஒரு அடி முந்திட்டேன்!

நாலாவது நாள் அவனே வாயைத் திறந்தான். அவன் தாத்தா தவில் வித்வான். "தாத்தா செட்ல நாயனமும் தவிலும் ஆளுக்கொரு கணக்கு வெச்சுக்க மாட்டாங்கடா. ஒருத்தர் கையில தாளம் இருக்கும், எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. நம்ம செட்ல தாளம் யாரு?"

அட, ஆமால்ல! ஒரே ஒரு க்ளாக் மாட்யூல் வெச்சு, அதுலேர்ந்து ரெண்டு சீக்வென்சருக்கும் வயர் இழுத்தோம். ஒரு துடிப்பு வந்தா ரெண்டும் ஒரு படி நகரும். அடுத்து ரீசெட் வயர். கச்சேரியில எல்லாரும் சமத்துக்கு வந்து சேர்ற மாதிரி, ரெண்டும் முதல் படிக்குத் திரும்பணும்.

இதுலயும் ஒரு வில்லங்கம் உண்டு. ரீசெட்டும் க்ளாக்கும் ஒரே நேரத்துல வந்தா, முதல் படிக்கு வந்த கையோட ரெண்டாவதுக்குத் தாவிடலாம். அதனாலதான் ரீசெட்டுக்கு அப்புறம் 1 மில்லி செகண்டுக்குள்ள வர்ற க்ளாக்கைக் கண்டுக்காதேன்னு வி.சி.வி. தன் விதிமுறையிலேயே சொல்லியிருக்கு.

லூப் ரெக்கார்டிங்லயும் அதே கணக்குதான். 120 டெம்போவுல 32 அடின்னா சரியா 16 செகண்ட். கொஞ்சம் நீளமா வெட்டினாலும் ஒவ்வொரு சுத்துலயும் ஒரு விக்கல் வரும். ஒரு டிப்ஸ்: ரெண்டு சுத்து ரெக்கார்ட் பண்ணி, ரெண்டாவதை மட்டும் வெட்டி எடுங்க. முதல் சுத்தோட எக்கோ வால், ரெண்டாவதோட ஆரம்பத்துல விழுந்திருக்கும். லூப் திரும்பும்போது ஒட்டு போட்டதே தெரியாது.

சீனியர்ஸ் ஃபேர்வெல்ல மறுபடி ஏறினோம். நாலு நிமிஷம், ஒரு அடி பிசகலை. சண்டை மட்டும் ஓயலை. இப்போ எதுக்குன்னா... அடுத்த பாட்டுக்கு டெம்போ 120-ஆ, 130-ஆ?