ரேகை விழாத விரலோட ஃபிராங்க்ஃபர்ட் போறது எப்படி?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

எங்க ஊர் சோழவரம். ஏரி பேரைச் சொன்னா சென்னைக்காரங்களுக்குத் தெரியும், நீங்க குடிக்கிற தண்ணில எங்க ஊருக்கும் பங்கு இருக்கு. கொஞ்சம் வயசானவங்களைக் கேட்டா, ‘ஓ, அந்தக் கார் ரேஸ் ஊரா?’ம்பாங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளத்துலதான் அந்த ரேஸெல்லாம் நடந்துச்சு. ஊர்ல ஓடுதளம் இருந்து என்ன, எங்க வீட்ல முதல்ல விமானம் ஏறினது அக்காதான். அடுத்து அப்பா, அறுபத்து மூணு வயசுல. அக்காவும் மாமாவும் ஜெர்மனில இருக்காங்க. பேத்தி பொறந்து எட்டு மாசம் ஆச்சு, அப்பா இன்னும் அவளை வீடியோ கால்லதான் பார்த்திருந்தார்.

டிக்கெட், இன்சூரன்ஸ், அக்கா அனுப்பின அழைப்புக் கடிதம்னு எல்லாத்தையும் நான் ஃபைல் போட்டு வச்சிட்டேன். அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “ஏம்பா, அங்க ரேகை வைக்கணுமாமே? எனக்குத்தான் விழாதே.”

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு பவுண்டரில முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மணல், சூடு, காஸ்டிங்ல பிசிறு தட்டுறது, கிரைண்டிங். ரேஷன் கடைல ஒவ்வொரு மாசமும் இதே கதைதான். மெஷின்ல விரலை வைப்பார், சிவப்பு எரியும். “தலைல தேய்ச்சிட்டு வைங்க பெரியவரே”ம்பாங்க. வலது, இடது, கட்டை விரல், மோதிர விரல்னு மாத்தி மாத்தி வைப்பார், பின்னாடி வரிசைல நிக்கிறவங்க உச்சு கொட்டுவாங்க. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றுக்கும் இதே பாடுதான். இப்ப அதை முகத்தை வச்சே பண்ணலாம்னு ஆன பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. ரேஷன் கடைல விழலைன்னா நாளைக்கு வான்னு சொல்வாங்க, ஃபிராங்க்ஃபர்ட்ல விழலைன்னா எங்க வரச் சொல்வாங்கங்கிறதுதான் அவரோட பயம்.

அந்தப் பயத்துக்காகத்தான் நான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன். பொதுவா ஏர்போர்ட்லதான் ரேகை பரிசோதனைன்னு நினைக்கிறோம். நம்ம இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது விசா விண்ணப்ப மையத்துலயே தொடங்கிடுது. ஷெங்கன் விசாவுக்கு அங்க பத்து விரலையும் பதிவு பண்றாங்க. அது விசா தகவல் அமைப்புல சேமிக்கப்படும், அடுத்த 59 மாசத்துக்குள்ள மறுபடி விசா கேட்டா பெரும்பாலும் அதையே எடுத்துக்குவாங்க. எல்லையில நம்ம விரலைக் கேட்டா, ஏற்கனவே கொடுத்த பதிவோட ஒப்பிட்டு ‘அதே ஆள்தானா’ன்னு பார்க்கத்தான். முதல் பதிவு மங்கலா இருந்தா அந்த மங்கல் கூடவே பயணம் பண்ணும். அதனால தயாரிப்பு விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்.

ரேகை ஏன் தேயுதுன்னும் சொல்லிடறேன். விரல் நுனியில மேடும் பள்ளமுமா ஓடுற கோடுகள் எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுதுங்கிறதைத்தான் மெஷின் பார்க்குது. மணல், சிமென்ட், செங்கல், சோப்புத்தூள் எல்லாமே அந்த மேட்டைத் தேய்ச்சுடும். வயசானா தோல் வறண்டு கோடு இன்னும் தட்டையாகும். ஆனா அந்த வடிவத்தோட அச்சு உள்தோல்ல இருக்கு. மேல் தோல் தேய்ஞ்சாலும், சில வாரம் ஓய்வு கொடுத்தா பெரும்பாலும் அதே கோடு திரும்ப வரும். உங்க அப்பா இன்னும் வேலைக்குப் போறவரா இருந்தா, அப்பாயின்ட்மென்ட்டுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியிலிருந்து கையுறை போடச் சொல்லுங்க. பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் இதேதான். ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவலாம். ஆனா ரேகை வைக்கிற நேரத்துல துடைச்சிடணும், பிசுபிசுப்பா இருந்தா கோடு அப்பிக்கும். கல்யாண வீட்டுக்குப் போயிட்டு நேரா வர்றவங்க கவனிங்க: விரல் நுனியில மருதாணி, வெட்டுக்காயம் இருக்கக்கூடாதுன்னு பிரிட்டன் விசா விதியிலயே சொல்றாங்க.

சரி, இவ்வளவு பண்ணியும் விழலைன்னா? ஷெங்கன் விதி இதுல நாம நினைக்கிறதைவிட மனுஷத்தனமா இருக்கு. பத்து விரலும் பதியலைன்னா, எத்தனை பதியுதோ அத்தனையை எடுத்துக்கணும். உடல் ரீதியா முடியவே முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு. ‘தர முடியல’ வேற, ‘தர மாட்டேன்’ வேற. மாட்டேன்னு சொன்னா உள்ள விடமாட்டாங்க.

இதுக்கு ஒரு நிஜமான கேஸ் இருக்கு. சிங்கப்பூர்ல 62 வயசு புற்றுநோயாளி ஒருத்தர், கேப்சிடபைன்னு ஒரு மாத்திரை எடுத்துட்டிருந்தார். அது சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரிச்சுடும். 2008 டிசம்பர்ல உறவினர்களைப் பார்க்க அமெரிக்கா போனார். மெஷின்ல ரேகையே வரல. நாலு மணி நேரம் நிறுத்தி வச்சுட்டு, ஆபத்தில்லாத ஆள்னு தெரிஞ்ச பிறகுதான் விட்டாங்க. இனிமே வரும்போது டாக்டர் லெட்டரோட வாங்கன்னும் சொன்னாங்க. அவரோட டாக்டர்கள் 2009-ல இதை ஒரு மருத்துவ இதழ்ல எழுதினாங்க. நானும் அப்பாவுக்குத் தோல் டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல நாலு வரி வாங்கினேன்: இத்தனை வருஷம் இந்த வேலை, விரல் ரேகை தேய்ஞ்சிருக்கு. அது சட்டப்படி கட்டாயமான ஆவணம் இல்ல. ஆனா இங்கிலீஷ் பேச வராத அப்பாவுக்குப் பதிலா அந்தத் தாள் பேசும்.

இப்ப எல்லையில புதுசா வந்திருக்கிற விஷயம். ஐரோப்பாவுல 29 நாடுகள் சேர்ந்து, உள்ளே வர்றது வெளியே போறது ரெண்டையும் பதியற ஈஈஎஸ் அமைப்பை 2025 அக்டோபர் 12-ல ஆரம்பிச்சாங்க. 2026 ஏப்ரல் 10-லிருந்து பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலா அதுதான்னு திட்டம். விசா இல்லாம போகக்கூடிய நாட்டுக்காரங்ககிட்ட நாலு விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பாங்க. விசாவோட போற நமக்கு ரேகை ஏற்கனவே இருக்கிறதால முகப்படம்தான் புதுசா சேரும், ரேகையைச் சரிபார்க்க மட்டும் கேட்கலாம். பன்னிரண்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு ரேகை கிடையாது. இதுக்குக் கட்டணமும் கிடையாது, யாராவது ‘ஈஈஎஸ் ரிஜிஸ்ட்ரேஷன்’னு காசு கேட்டா அது ஏமாத்து வேலை.

நாட்டுக்கு நாடு இது மாறும். ஜப்பான் 2007-லிருந்தே பதினாறு வயசுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்கிட்ட ரெண்டு ஆள்காட்டி விரலும் முகப்படமும் எடுக்குது. சிங்கப்பூர்ல இப்ப முக்கியமா கருவிழியும் முகமும்தான். எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது எவ்வளவோ மேல்.

ஃபிராங்க்ஃபர்ட்ல என்ன நடந்துச்சுன்னு கேட்பீங்க. விமானத்துல காத்து வறட்சி, வெளியே குளிர். இறங்கினதும் பாத்ரூம்ல கை கழுவி, துடைச்சு, கைக்குள்ள கைய வச்சு சூடு பண்ணிக்கச் சொல்லியிருந்தேன். கவுண்டர்ல முகப்படம் உடனே விழுந்துச்சு. முதல் தடவை விரல் வச்சப்ப சத்தம் மட்டும் வந்துச்சாம். அப்பா என்ன பண்ணினார் தெரியுமா? ரேஷன் கடை ஞாபகத்துல விரலை நெத்தில தேய்ச்சார். அந்த ஆபீசர் ஒரு நிமிஷம் முழிச்சுப் பார்த்திருக்கார். ரெண்டாவது தடவை விழுந்துடுச்சு. நெத்தியில இருக்கிற எண்ணெய்ப் பசை வறண்ட விரலுக்கு நிஜமாவே உதவும். டாக்டர் லெட்டர் பைய விட்டு வெளியவே வரல.

எனக்கு வயித்தைக் கலக்கினது இன்னொண்ணு. அப்பாவோட விசா ஸ்டிக்கர்ல செல்லுபடியாகும் தேதி ரெண்டு மாசத்துக்கு இருந்துச்சு, ஆனா தங்குற நாள் 45-னு போட்டிருந்துச்சு. அக்கா முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் தங்கலாம்னு நினைச்சு டிக்கெட் போட்டுட்டா. இந்த 45 தான் கணக்கு. இறங்கின நாளும் கிளம்புற நாளும் சேர்த்தி. முன்னாடி ஆபீசர் முத்திரையைப் புரட்டி எண்ணுவார், இப்ப மெஷினே எண்ணுது. சாதாரணமா மூணு வருஷம் வச்சிருக்கிற பதிவை, வெளியேறினது பதிவாகலைன்னா அஞ்சு வருஷம் வச்சிருப்பாங்க. அடுத்த விசா கேட்கும்போது அது முன்னால வந்து நிக்கும். மாத்துக் கட்டணம் கட்டித்தான் டிக்கெட்டை முன்னாடி கொண்டு வந்தோம்.

அப்பா 44-வது நாள் கிளம்பினார். பேத்தி அப்பதான் அவர் விரலைப் பிடிச்சு நிக்க ஆரம்பிச்சிருந்தா.