நூலின் இரு முனையிலும் குழந்தைகள்: தடை போட்டும் மாஞ்சா ஆபத்து தீராதது ஏன்?

2019 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. வடசென்னை கொருக்குப்பேட்டை வழியாக அப்பா, அம்மாவுடன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான் 3 வயதுச் சிறுவன். முன்னால் உட்கார்ந்திருந்த அவன் கழுத்தில், எங்கிருந்தோ அறுந்து வந்த காத்தாடியின் மாஞ்சா நூல் சிக்கி அறுத்தது. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

இது முதல் சம்பவம் இல்லை. 2015 செப்டம்பரில் பெரம்பூரில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் இதேபோல் உயிரிழந்தான். கடைசிச் சம்பவமாகவும் இது அமையவில்லை. 2024 நவம்பரில் வியாசர்பாடி மேம்பாலத்தில் பெற்றோருடன் பைக்கில் போன சின்னக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா பதம் பார்த்தது.

இத்தனைக்கும் மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது. பிறகு எங்கே கோளாறு?

மாஞ்சா ஏன் இப்படி அறுக்கிறது?

எதிராளியின் காத்தாடியை 'டீல்' விட்டு அறுப்பதுதான் இந்த விளையாட்டின் சுவாரசியம். அதற்காக நூலில் கண்ணாடித் தூள், வஜ்ஜிரம், சாயம் எல்லாம் கலந்து பூசிக் காயவைத்து லொட்டாயில் சுற்றுவார்கள். அந்தக் காலத்து மாஞ்சா பருத்தி நூல். இழுவை அதிகமானால் அதுவே அறுந்துவிடும். இப்போது கிடைக்கும் நைலான் நூல் அவ்வளவு சீக்கிரம் அறுவதில்லை, மக்குவதுமில்லை. காத்தாடி போன பிறகும் கம்பத்திலும் மரத்திலும் பல நாள் தொங்கிக்கொண்டே இருக்கும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடந்துவிடுகிறது. எதிரே தொங்கும் மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரிவதற்குள் கழுத்துக்கு வந்துவிடும்.

குழந்தைக்கு ஏன் அதிக ஆபத்து?

காரணம், நாம் குழந்தையை உட்கார வைக்கும் இடம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரே பைக்கில் நான்கு பேர் போவது அன்றாடக் காட்சி. சின்னப் பிள்ளை பெட்ரோல் டேங்க் மேல்தான். "முன்னாடி இருந்தா கண்ணு முன்னாலேயே இருக்கும்ல" என்பது பெற்றோர் சொல்லும் காரணம். ஆனால் எதிரே எது வந்தாலும் முதலில் படுவது அந்தக் குழந்தை மேல்தான். தலையில் ஹெல்மெட் இல்லை, கழுத்தில் துணி இல்லை. சின்னக் கழுத்தில் தோலுக்கு ரொம்பக் கிட்டத்திலேயே பெரிய ரத்தக் குழாய்களும் மூச்சுக்குழாயும் இருக்கின்றன.

மேம்பாலங்கள் இன்னொரு சிக்கல். பாலத்தின் உச்சி, பக்கத்துக் குடியிருப்புகளின் மொட்டை மாடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. மாடியிலிருந்து போகும் நூல் தரைச்சாலையில் தலைக்கு மேலே போய்விடும். பாலத்தில் அதுவே கழுத்து உயரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூலை 11-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் உள்ளிட்ட செயற்கை மாஞ்சா நூலைத் தயாரிக்கவும், விற்கவும், இருப்பு வைக்கவும், வாங்கவும், பயன்படுத்தவும் நாடு முழுவதும் தடை விதித்தது. 2023-இல் தமிழக அரசும் 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை அறிவிக்கை வெளியிட்டது. இது தவிர, சென்னை மாநகரக் காவல் துறை அவ்வப்போது தனித் தடை உத்தரவுகளைப் பிறப்பித்து வருகிறது.

தடை மட்டும் ஏன் போதவில்லை?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ரெய்டு, பறிமுதல், கைது என்று சில வாரம் பரபரப்பாக இருக்கும். அப்புறம் அடங்கிவிடும். நூல் வெளியூரிலிருந்து பார்சலில் வரும், கை மாறிக் கை மாறித் தெருவுக்கு வந்துவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 2019 சம்பவத்தில் கைதானவர்களில் ஒருவன் 18 வயதுகூட ஆகாத சிறுவன். அறுபட்ட கழுத்தும் குழந்தையுடையது, நூலைப் பிடித்திருந்த கையும் பெரும்பாலும் ஒரு பையனுடையது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலிருந்து தவறி விழுவது, அறுந்த காத்தாடியைத் துரத்திக்கொண்டு ரயில் தண்டவாளத்திலும் லாரி வரும் சாலையிலும் ஓடுவது, மின் கம்பியில் மாட்டியதை எடுக்கப் போவது என்று அந்தப் பையனுக்கும் ஆபத்துதான். இதைக் குற்றமாக மட்டும் பார்த்தால் பாதிப் பிரச்சினைதான் கண்ணில் படும்.

விபத்துத் தடுப்பு நிபுணர்கள் மூன்று வழி சொல்வார்கள். சட்டம், கல்வி, பிறகு சூழலையே பாதுகாப்பாக மாற்றி அமைப்பது. நாம் முதல் வழியில் மட்டும் நிற்கிறோம். எல்லோரும் எப்போதும் ஒழுங்காக நடப்பார்கள் என்று நம்புவதைவிட, ஒருவர் தவறினாலும் குழந்தைக்கு அடிபடாதபடி ஒரு தடுப்பு வைப்பதுதான் நின்று பலன் தரும்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

பிரேசிலிலும் கண்ணாடித் தூள் நூல் மோட்டார் சைக்கிள்காரர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது. அங்கே 2009-இல் வந்த சட்டம், டெலிவரி பைக்குகளிலும் பைக் டாக்சிகளிலும் நூலைத் தடுத்து அறுக்கும் கம்பி பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. விலை அதிகமில்லாத, ஹேண்டில்பாரில் மாட்டும் சாதாரணக் கம்பிதான்.

நம் நாட்டில் குஜராத்தில் ஜனவரி உத்தராயணக் காத்தாடித் திருவிழாவின்போது சூரத் நகர மேம்பாலங்களில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள். பாலங்களில் விளக்குக் கம்பங்களுக்கு இடையே கம்பி கட்டி, நூல் கீழே இறங்காமல் தடுக்கும் ஏற்பாடும் அந்த மாநிலத்தில் உண்டு. வடசென்னை மேம்பாலங்களிலும் மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் இதைச் செய்து பார்க்கலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதி நம்மிடமே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022-இல் வந்த திருத்தப்படி, 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது அமலில் உள்ளது. மாஞ்சாவை நினைத்து எழுதிய விதி இல்லை. ஆனால் இதைப் பின்பற்றினால் குழந்தை டேங்கிலிருந்து இறங்கி, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தின் பங்கு

"மாஞ்சா விடாதே, போலீஸ் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் பையன்கள் காதில் ஏறாது. அறுந்த நூல் எங்கே போய் விழுகிறது, யார் கழுத்தில் மாட்டுகிறது என்பதைப் புரியவைக்க வேண்டும். காத்தாடியே விடாதே என்று சொல்லவும் அவசியமில்லை. கண்ணாடியோ உலோகத் தூளோ பூசாத பருத்தி நூலில் விடலாம். நெரிசலான தெருக்களில் மொட்டை மாடிதான் மைதானம் என்ற நிலை இருக்கும்வரை, விளையாட இடம் கேட்பதும் இதில் அடங்கும்.

பெற்றோர் இன்றைக்கே செய்யக்கூடியவை

* குழந்தையை டேங்க் மேல் உட்கார வைக்காதீர்கள். பின்னால், பெல்ட்டோடு, ஹெல்மெட்டோடு உட்காரட்டும்.
* மேம்பாலத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஓட்டுபவரும் கழுத்தில் கெட்டியான துணி சுற்றிக்கொள்வது நல்லது.
* ஹேண்டில்பாரில் தடுப்புக் கம்பி மாட்டலாம்.
* தெருவில் தொங்கும் நூலைக் கண்டால் கையால் இழுக்காமல், கத்தரித்துச் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். மின் கம்பியில் இருந்தால் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.
* வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். மூச்சு அடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டவே கூடாது.
* விற்பனை நடப்பது தெரிந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கோடை விடுமுறை விட்டதும் வடசென்னை மாடிகளில் காத்தாடி ஏறிவிடும். பள்ளியில் பேசுவதும் பாலத்தில் கம்பி கட்டுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அடுத்த சம்பவத்துக்குப் பிறகு நடக்கும் ரெய்டு எந்தக் குழந்தையையும் திருப்பிக் கொண்டுவராது.