டாலரில் சம்பாதிக்கும் பிள்ளைகளும் அமெரிக்க வரிப் படிவமும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை?

"அந்த ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் அமெரிக்காக்காரன் வரி கேட்டு வருவானா தம்பி?"

மஃரிப் தொழுதுவிட்டு வரும் வழியில் எங்கள் தெரு உம்மா ஒருவர் நிறுத்திக் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் டிகிரி முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் தளம் ஒன்றில் லோகோவும் புத்தக அட்டையும் வடிவமைத்துக் கொடுக்கிறார். பர்தாவுடன் வெளியூர் வேலைக்கு அலையாமல் ஹலாலாக நாலு காசு வருகிறதே என்று குடும்பத்துக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு மாதச் சம்பாத்தியம் அந்தத் தளத்திலேயே கிடக்கிறது. பணத்தை எடுக்கப் போனால் "வரி விவரத்தை நிரப்பு" என்று திரையில் வருகிறது. நிரப்பினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அந்தப் பெண் கை வைக்கவே இல்லை. இதற்கிடையில் ஒரு தோழி, "அமெரிக்கர் என்று டிக் போட்டுவிடு, பணம் உடனே வந்துவிடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

பயந்தது தேவையில்லாத விஷயத்துக்கு. அந்தத் தோழி சொன்ன யோசனைதான் உண்மையில் பயப்பட வேண்டியது.

திரையில் வருவது பெரும்பாலும் டபிள்யூ-8பென் என்ற படிவம். அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வகுத்தது. பெயரைக் கேட்டதும் அமெரிக்காவுக்கு வரி கட்டும் படிவம் என்று நினைக்கிறோம். விஷயம் ஏறக்குறைய நேர் எதிர். "நான் அமெரிக்கக் குடிமகன் அல்ல, அங்கே வசிப்பவனும் அல்ல, இந்த வருமானம் எனக்குரியது" என்று உறுதி சொல்லும் காகிதம் அது. இதை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு நாம் அனுப்புவதில்லை. நமக்குப் பணம் தரும் நிறுவனத்திடம் கொடுக்கிறோம், அவர்கள் தங்கள் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கர்களுக்கான படிவம் டபிள்யூ-9. தோழி சொன்னபடி டிக் போட்டால் அந்தப் படிவத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அதில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணோ வேறு அமெரிக்க வரி எண்ணோ கேட்பார்கள். யாரோ ஒருவரின் எண்ணை இரவல் வாங்கிப் போட்டுவிட்டு, கீழே உள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டால் அது பொய்ச் சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்ட குற்றம். இரண்டு படிவங்களின் கீழேயும் அந்த வாசகம் இருக்கிறது. பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பதை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

சரி, வெளிநாட்டவர் என்று சொல்லிவிட்டோம். அமெரிக்க வரி பிடிப்பார்களா மாட்டார்களா? இது வருமானத்தின் வகையைப் பொறுத்தது.

உழைப்புக்கான கூலி என்றால், அந்த உழைப்பு எந்த மண்ணில் நடந்தது என்று அமெரிக்கச் சட்டம் பார்க்கிறது. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கலாம், பணம் கலிஃபோர்னியாவிலிருந்து வரலாம். வேலை செய்தவர் மேலப்பாளையத்தில் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்திருந்தால் அது அமெரிக்க வருமானமே அல்ல. வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, டேட்டா என்ட்ரி, மென்பொருள் எழுதுதல், ஆன்லைனில் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தல் எல்லாம் இந்த வகைதான். அந்த உம்மாவின் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு டாலர்கூட வரி இல்லை.

யூடியூப் கதை வேறு. வீடியோவுக்கு வரும் விளம்பரப் பங்கை கூகுள் நிறுவனம் உழைப்புக் கூலியாக அல்ல, ராயல்டியாகக் கணக்கிடுகிறது. ராயல்டிக்கு, பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. எனவே 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பங்கில் மட்டும் வரி பிடிக்கிறார்கள். சாதாரண விகிதம் 30 சதவீதம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 1989இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், நாம் கோரினால் அது 15 சதவீதமாகக் குறையும்.

இதற்கு கூகுளே கொடுத்த உதாரணம் ஒன்று உண்டு. இந்தியாவில் உள்ள ஒருவருக்கு ஒரு மாதத்தில் 1000 டாலர் வருகிறது, அதில் 100 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். படிவத்தை நிரப்பி ஒப்பந்தச் சலுகையையும் கோரினால் பிடித்தம் 15 டாலர். நிரப்பிச் சலுகையைக் கோராமல் விட்டால் 30 டாலர். படிவமே கொடுக்காவிட்டால் மொத்த 1000 டாலரிலும் 24 சதவீதம், அதாவது 240 டாலர் வரை போகும். "எதற்கு வம்பு" என்று ஒதுங்கியிருப்பவர்தான் இங்கே அதிகம் இழக்கிறார்.

சலுகை கோர அமெரிக்க வரி எண் எதுவும் வேண்டியதில்லை. வெளிநாட்டு வரி எண் என்று கேட்கும் இடத்தில் நம் பான் எண்ணைக் கொடுத்தால் போதும்.

இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. பெயர்! 'முஹம்மது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பான் கார்டில் ஒரு 'எம்', பாஸ்போர்ட்டில் இரண்டு 'எம்', வங்கிப் புத்தகத்தில் 'எம்.டி.' என்று சுருக்கம். பெண்களுக்கு ஒரு ஆவணத்தில் வாப்பா பெயர் முன்னால் விரிவாக இருக்கும், இன்னொன்றில் வெறும் இனிஷியல், திருமணத்துக்குப் பின் எடுத்ததில் கணவர் பெயர். படிவத்தில் உள்ள பெயர், பான், வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் சரிபார்ப்பில் நிற்கும். படிவத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுதுவது பாதுகாப்பு. வங்கியில் வேறு மாதிரி இருந்தால் அங்கே திருத்தக் கொடுங்கள். முகவரியிலும் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. நிரந்தர முகவரிக் கட்டத்தில் தபால் பெட்டி எண்ணோ, இன்னார் மேற்பார்வை என்று 'கேர் ஆஃப்' போட்ட முகவரியோ கூடாது என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது. ஆதார் அட்டையைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்பவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

இந்தப் படிவம் பொதுவாக, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். 2021இல் அவசரமாக நிரப்பியவர்களின் படிவம் 2024 முடிவோடு காலாவதி. "திடீரென்று பிடித்தம் கூடிவிட்டதே" என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து வளைகுடா. சேனல் நடத்தும் பிள்ளைக்கு துபாயில் வேலை கிடைத்துப் போகிறான். படிவத்தில் சொன்ன விவரம் மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அமீரகத்தோடும் சவூதியோடும் அமெரிக்காவுக்கு முழுமையான வருமான வரி ஒப்பந்தம் இல்லை. சிங்கப்பூர், மலேசியாவும் அப்படித்தான். அங்கே குடியேறியவருக்கு 15 சதவீதச் சலுகை போய், அமெரிக்கப் பார்வையாளர் பங்கில் 30 சதவீதம் என்றாகும். ஊர் முகவரியையே வைத்துக்கொண்டு சலுகையைத் தொடர்ந்து வாங்குபவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நமக்கு உரிமையில்லாததைப் பெறுவது அது, வேறு பெயர் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 600 டாலருக்கு மேல் வந்தாலே அரசுக்கு ரிப்போர்ட் போகும் என்ற வாட்ஸப் செய்தி சில ஆண்டுகளாகச் சுற்றுகிறது. 1099-கே என்ற அறிக்கையைப் பற்றிய பேச்சு அது. 2021இல் வரம்பை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் போட்டார்கள், அமலாக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள், 2025 ஜூலையில் பழையபடி 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்று ஆக்கிவிட்டார்கள். எப்படியிருந்தாலும் அது அமெரிக்கர்களுக்கானது. முறையாக டபிள்யூ-8பென் கொடுத்து இங்கிருந்து வேலை செய்பவரைத் தொடாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023 முதல் தளங்களிடம் விற்பனையாளர் விவரம் கேட்கிறது, பிரிட்டன் 2024 முதல் கேட்கிறது. இவையும் முதன்மையாக அந்தந்த நாடுகளில் வசிப்பவர்களைக் குறிவைத்தவை. 2025 செப்டம்பரில், வெளிநாட்டவருக்கு வேலை கொடுக்கும் அமெரிக்க நிறுவனங்கள் மீது 25 சதவீத வரி என்று ஒரு செனட்டர் மசோதா கொண்டுவந்ததும், "நம் சம்பளத்தில் கால்வாசி போச்சு" என்று செய்தி பறந்தது. மசோதாவைச் சட்டமாக நினைத்துக்கொண்ட குழப்பம் அது. அதிலும் வரி கட்ட வேண்டியவராகச் சொல்லப்பட்டது பணம் கொடுக்கும் நிறுவனம்தான்.

இவ்வளவு தூரம் அமெரிக்காவைப் பார்த்துப் பயப்படும் நாம், கண் முன்னால் இருக்கும் இந்திய வருமான வரியை மறந்துவிடுகிறோம். டாலர் வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அது இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டிய வருமானம்.

காட்டுவதால் உடனே வரி கட்ட வேண்டும் என்றும் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், இங்கே வசிக்கும் தனிநபரின் இத்தகைய வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். மென்பொருள், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில் செய்பவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் 44ஏ.டி.ஏ. முறையைப் பயன்படுத்தலாம். வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால் 75 லட்சம் வரை இது செல்லும். வடிவமைப்பு, வீடியோ, எழுத்து வேலைகள் அந்தப் பட்டியலில் வருமா, வணிகத்துக்கான 44ஏ.டி.யில் வருமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும். பழைய வீடியோக்களைப் பார்த்து எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள்.

யூடியூப்காரர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் பிடித்த 15 டாலரை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு 1042-எஸ் என்ற சான்று ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கிடைக்கும். அதை வைத்து, இதுவரையுள்ள விதிப்படி, படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் இந்தியாவில் உங்களுக்கு வரியே வரவில்லை என்றால் கழிக்க எதுவும் இல்லை, அந்த 15 டாலரை நம் அரசு திருப்பித் தராது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

மகளின் வருமானம் உம்மாவின் கணக்கில், தம்பியின் வேலை அண்ணனின் பெயரில் என்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். யாருடைய பான் எண் கொடுக்கப்பட்டதோ, தளத்தில் பிடித்த டி.டி.எஸ்.ஸும் வரவும் அவருடைய வருடாந்திரத் தகவல் அறிக்கையில் போய் உட்காரும். நாளை நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர், கணினியைத் தொட்டே அறியாத அந்த உம்மா. சம்பாதித்தது மகளுடைய சொத்து என்ற மார்க்கச் சட்டமும் இதில் மறைந்துபோகிறது. பதினெட்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தன் பெயரிலேயே பான் கார்டும் வங்கிக் கணக்கும் எடுத்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை.

ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்கிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பதிவு தேவையில்லை. தாண்டினால் பதிவு வேண்டும், அப்போதும் ஏற்றுமதிச் சேவை என்பதால் உறுதிக் கடிதம் கொடுத்து வரியின்றிச் செய்யலாம்.

இலங்கைச் சகோதர சகோதரிகளுக்கு நிலைமை சற்று வேறு. அமெரிக்காவோடு ஒப்பந்தம் உண்டு, ராயல்டிக்கு 10 சதவீதம். ஆனால் முன்பு விலக்கு பெற்றிருந்த வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே வரி வந்துவிட்டது. வெளிநாட்டு நாணயமாகப் பெற்று வங்கி வழியே கொண்டுவந்தால் உச்சம் 15 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருப்பதால் சிறு வருமானக்காரர்களுக்குப் பாதிப்பு இல்லை.

ஜகாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரி கட்டிவிட்டேன், ஜகாத் முடிந்தது என்று சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு கடமை. வரியாகப் பிடிக்கப்பட்டது நம் கைக்கே வராத பணம். தளத்தில் நம் பெயரில் நின்று, நாம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய இருப்பை என்ன செய்வது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது கணக்கோடு போங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றித்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், பேசுகிறது. மாத வரவு, அன்றைய டாலர் மதிப்பு, வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தால் ஆடிட்டருக்கும் ஆலிமுக்கும் அதுவே போதும்.

அந்த உம்மாவின் மகள் மறுநாள் படிவத்தை நிரப்பினார். பதினைந்து நிமிட வேலை. அதில் பாதி நேரம், பான் கார்டில் வாப்பாவின் பெயருக்கு 'எம்' ஒன்றா இரண்டா என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்ததில் போனது.