வெளிச்சம் இருந்தால் மட்டும் போதுமா, ஸார்?

ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போனால் நாம் செய்கிற முதல் வேலை, பால்கனிக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பது. அங்கேயும் இருட்டு என்றால் மனசுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்! இரண்டாவது வேலை, சப்-ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, ‘‘எப்ப ஸார் வரும்?’’ என்று அதட்டுவது.

மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். ‘தூங்கறானுங்க’ என்று திட்டாதீர்கள். எடுக்க வேண்டியவர் வெளியே யார்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நிலாவை அல்ல, ஒரு கத்தியை!

அந்தக் கத்திக்கு ஐசொலேட்டர் பிளேடு என்று பெயர். சின்ன லைன்களில் ஏ.பி. ஸ்விட்ச் என்பார்கள். கரண்ட்டை வெட்டுவது பிரேக்கர்தான். ஆனால் அது மூடிய அறைக்குள் வெட்டுகிறது, வெளியே தெரியாது. ஐசொலேட்டர் அப்படியில்லை. மூன்று ஃபேஸுக்கும் திறந்த வெளியில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிரிந்து நிற்கும். ஹேண்டிலைத் திருப்பியாச்சு, இரண்டு பிளேடு பிரிந்துவிட்டது, மூன்றாவது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவனிக்காமல் ‘லைன் க்ளியர்’ கொடுத்தால், எங்கோ போஸ்ட்டில் ஏறப்போகிற லைன்மேனின் கதி என்ன? எர்த் ராடு போடுவதெல்லாம் அடுத்த பாதுகாப்பு. முதல் பாதுகாப்பு, கண்!

‘‘ஸ்விட்ச் ஓப்பன் பண்ணியாச்சு ஸார்.’’

‘‘மூணு பிளேடும் பிரிஞ்சிருக்கா? கண்ணால பாத்தியாப்பா?’’

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் யார்டில் விளக்கு. திருடனுக்காக என்று நினைப்பவர்கள் பாதிதான் சரி.

எனக்கு ஓம்ஸ் விதியைவிட டெபிட், கிரெடிட்தான் பழக்கம். எனவே கணக்கில் ஆரம்பிக்கிறேன். வெளிச்சத்தை அளக்கிற அலகு லக்ஸ். பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ் தேறினாலே அதிகம். உங்கள் ஆபீஸ் மேஜை மேல் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்க வேண்டும். நம் நாட்டுப் பெரிய சப்-ஸ்டேஷன்களுக்கு வழக்கமாகக் கேட்பது, முக்கியக் கருவிகள் மீது 50 லக்ஸ், மற்ற இடங்களில் 20. அமெரிக்காவின் மின் பாதுகாப்பு விதிகள் 22 லக்ஸ் என்கின்றன. அதிலும் ஒரு சூட்சுமம்: தரையில் மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்கும் கருவிகள் மீதும் அதே 22 வேண்டும். தரை பளபளவென்று இருந்து பிளேடு இருட்டில் இருந்தால் என்ன லாபம்?

‘அப்படின்னா நாலு பெரிய ஃபோகஸ் லைட்டாப் போட்டுட்டா போச்சு!’ என்கிறீர்களா? அங்கேதான் வில்லங்கம். எதிரே வரும் லாரிக்காரர் ஹை பீம் போட்டால் ரோடு தெரிகிறதா உங்களுக்கு? அதே கதைதான். ஆபரேட்டர் மேலே பார்க்கிறவர். அவர் பார்க்கிற திசையிலேயே ஃபோகஸ் லைட் இருந்தால் பிளேடு தெரியாது, பூச்சிதான் பறக்கும். அதனால் அவர் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் பார்ப்பார் என்று முடிவு செய்துவிட்டு, அவர் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருந்து வெளிச்சம் விழும்படி வைக்க வேண்டும்.

அடுத்தது கலர். மூன்று ஃபேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாளம். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்குக்குக் கீழே நீலம் கறுப்பாகத் தெரியும். சிவப்பு பழுப்பாக வழியும். எல்.இ.டி. வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்தது. இன்னொரு லாபமும் உண்டு. சோடியம் விளக்கு ஒருமுறை அணைந்தால் மறுபடி முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிஷங்கள் பிடிக்கும். எல்.இ.டி. உடனே எரியும்.

சரி, ஊருக்கே கரண்ட் தருகிற இடத்திலேயே கரண்ட் போனால்? 2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணிக்கு வட இந்திய கிரிட் அப்படியே சாய்ந்தது. மறுநாளும் சாய்ந்தபோது, சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. நம் தெற்கு கிரிட் அப்போது அவற்றோடு முழுசாக இணையாததால் நாம் தப்பித்தோம். அந்த மாதிரி நேரத்தில் சப்-ஸ்டேஷனுக்குக் கை கொடுப்பது 110 அல்லது 220 வோல்ட் பேட்டரி வரிசை. ஆனால் ரிலேக்கும் பிரேக்கருக்கும்தான் அதில் முதல் பங்கு. மிச்சத்தில் சில விளக்குகள்தான் எரியும். எந்தச் சில என்பதைப் பட்ஜெட் போடுகிற மாதிரி முன்னாலேயே முடிவு பண்ண வேண்டும்: கன்ட்ரோல் ரூம், வெளியே வரும் வழி, முக்கியமான ஸ்விட்ச்.

கடைசியாக ஒரு சின்ன சமாச்சாரம். விளக்கை லைனுக்குப் பக்கத்தில் மாட்டினால், பல்ப் மாற்றுவதற்கே லைனை நிறுத்த வேண்டும். பல்புக்காக ஊரை இருட்டாக்க யார் அனுமதி தருவார்? ஆக, ஃப்யூஸான விளக்கு ஃப்யூஸானபடியே தொங்கும். கம்பிகளிலிருந்து விலகி, நடைபாதை ஓரத்தில், ஏணி வைக்கத் தோதான இடத்தில் கம்பம் நட்டிருந்தால் மறுநாள் காலையிலேயே மாற்றிவிடலாம்.

ஆபீஸ் விட்டு வரும் வழியில் சப்-ஸ்டேஷன் இருந்தால், வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். எத்தனை விளக்கு என்று எண்ணாதீர்கள். மேலே அந்த மூன்று பிளேடும் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், அங்கே விளக்கு போட்ட புண்ணியவான் லைன்மேனையும் நினைத்துத்தான் போட்டிருக்கிறார்!