ஒரு நாள் சுற்றுலா: சீயமங்கலம் போவோம்!



"நமக்கெல்லாம் சுற்றுலாவா?"ன்னு கேட்காதீங்க. பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கு. வெயில் ஏறுமுன் செஞ்சிக் கோட்டை ஏறுவோம். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. மதியம் தேசூர் பக்கம் உள்ள சீயமங்கலம்.

அங்கே 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த தூணாண்டார் கோயில் இருக்கு. தூணில் ஆடும் சிவனைத் தேடிப் பாருங்க. தமிழ்நாட்டின் மிகப் பழைய நடராசர் சிற்பங்களில் ஒன்று. மலையில் சமணச் சிற்பங்களும் உண்டு.

செலவுக்கு சங்கச் சேமிப்பிலும் சுழல் நிதியிலும் கை வைக்க வேண்டாம். வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சு, மாதாமாதம் தனியாகச் சேர்ப்போம். கணக்கைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். கட்டுச்சோறு நம்ம கையிலேயே!