சதுரங்கப் பலகை ஈன்ற பேரெண்

சதுரங்கத்தைப் படைத்தளித்த சிஸ்ஸா என்னும் அறிஞர் மன்னரிடம் வேண்டிய பரிசு யாவரும் அறிந்ததே. முதற்கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு அவர் கேட்டார். அற்பப் பரிசென எண்ணிய மன்னர் உடனே இசைந்தார். பின்னர்க் கணக்கர்கள் கூறிய தொகையோ 1,84,46,74,40,73,70,95,51,615!

இக்கதையைத் தம் வரலாற்று நூலில் பதிவு செய்தவர் 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்லிகான். தொகை இத்துணைப் பெரிதாகுமா என அவரே முதலில் ஐயுற்றார். அலெக்சாந்திரியாவின் கணக்கர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே தெளிந்தார்.

அவருக்கு இரு நூற்றாண்டுகட்கு முன்பே அல்பிரூனி இவ்வெண்ணைக் கண்டறிந்திருந்தார். எந்தக் கட்டம் வரையிலான கூட்டுத்தொகையும் அடுத்த கட்டத்தின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாகவே இருக்கும். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 7. அடுத்த கட்டத்திற்குரியதோ 8. ஆகவே, 65ஆம் கட்டம் ஒன்று உண்டெனக் கொண்டு, அதற்குரிய எண்ணில் ஒன்றைக் கழித்தால் விடை கிட்டும். அதற்கு 64 முறை இரட்டிக்க வேண்டுவதில்லை. 16ஐ அதே எண்ணால் பெருக்க 256. அதனை அவ்வாறே பெருக்க 65,536. இங்ஙனம் நான்கே பெருக்கல்களில் 65ஆம் கட்டத்தை அடையலாம். எளிமையே அறிவின் அழகு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வெண்ணின் பருமை எத்தகையது? ஒரு மணியின் எடை 40 மில்லிகிராம் எனக் கொண்டால், மொத்த எடை ஏறத்தாழ 73,800 கோடி டன். இன்றைய உலகின் ஆண்டு விளைச்சலோ ஏறத்தாழ 80 கோடி டன். அப்பரிசை வழங்க 900 ஆண்டுகட்கு மேல் உலகு முழுவதும் உழுதாக வேண்டும்!

பருமையினும் வியப்பளிப்பது இதன் உள்ளமைப்பு. 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களைப் பெருக்கினால் இப்பேரெண் பிறக்கும். இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை அதே எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இவ்வகை எண்கள் யாவும் பகா எண்களே எனப் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 1640இல் கருதினார். முதல் ஐந்தும் அவ்வாறே அமைந்தன. ஆறாவதோ 641ஆலும் 67,00,417ஆலும் வகுபடும் என்பதை ஆய்லர் 1732இல் நிறுவினார். ஒரு மேதையின் கருத்து 92 ஆண்டுகட்குப் பின் ஒரு வகுத்தலில் வீழ்ந்தது.

பழங்கதையில் பிறந்த இவ்வெண் இன்று கணிப்பொறியிலும் வாழ்கிறது. 64 இருமஇலக்கங்களில் குறிக்கத்தக்க மிகப்பெரிய முழு எண் இதுவே.

மாணவச் செல்வங்களே! மன்னர் கணக்கிடாது வாக்களித்து இடருற்றார். ஃபெர்மா முற்றும் சோதியாது நம்பிப் பிழைபட்டார். இப்னு கல்லிகானோ ஐயுற்றார். சான்று கண்டதும் தம் ஐயத்தைக் கைவிட்டார். பேரறிஞராய் இருந்தும், ஒரு கணக்கரிடம் கற்க அவர் நாணவில்லை. நாமும் அவ்வழி நிற்போமாக!