இரும்புக் கையும் உருமறைந்த மனிதனும்

பிறர் கண்ணிற் படாமல் உலாவவேண்டும் என்பது மனித குலத்தின் பழைய ஆசைகளுள் ஒன்று. மந்திர மையை நெற்றியில் இட்டுக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்த கள்வரைப் பற்றிப் பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தது தமிழ்ச் சமுதாயம். அந்த ஆசைக்கு விஞ்ஞான உடை உடுத்தியவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1897ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நாவலில், ஆராய்ச்சியின் மூலம் உருவை மறைக்கக் கற்ற ஒருவன், அறிவிருந்தும் அறமின்மையால் அழிந்துபோகிறான்.

அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலண்டனில் 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார ஏடு தொடங்கப்பெற்றது. அதன் முதல் இதழிலேயே வேறொரு மறையும் மனிதன் தோன்றினான். கதையை எழுதியவர் கென் புல்மர் என்ற விஞ்ஞான நவீன ஆசிரியர். சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்தவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னாளில் டொம் டலி என்பவர் கதைப் பொறுப்பை ஏற்றார்.

இக்கதையின் நாயகனைத் தமிழர் அறிவர். 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது அதன் முதல் இதழாக அமைந்தது 'இரும்புக்கை மாயாவி'. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இலங்கையிற் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. ஆயினும் சித்திரக்கதைகள் கடல் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டையும் எட்டின. அட்டை கிழிந்து, முனை மடிந்து, கைமாறிக் கைமாறி அவை படிக்கப்பட்டன. பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்து ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொண்ட மாணவர், இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள்.

அக்கதையின் மூல வடிவம் இப்பொழுது நூலுருப் பெற்றுள்ளது. பழைய ஆங்கிலச் சித்திரக்கதைகளின் உரிமையை 2018ஆம் ஆண்டில் வாங்கிய ரெபெல்லியன் என்னும் ஆங்கிலேய நிறுவனம், தொடரின் ஆரம்பப் பகுதிகளை 2021ஆம் ஆண்டில் ஒரே தொகுதியாக வெளியிட்டது. 'த ஸ்டீல் க்ளோ: இன்விசிபிள் மேன்' என்பது அதன் பெயர். சிறுவயதில் துண்டு துண்டாகப் படித்த ஒன்றை முதிர்ந்த கண்ணோடு முழுமையாக நோக்குவதற்கு இத்தொகுதி வாய்ப்பளிக்கிறது.

கதை சுருக்கமானது. லூயிஸ் கிராண்டல் என்பவன் பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுகூடத்தில் உதவியாளன். ஒரு விபத்தில் அவன் வலக் கையை இழக்கிறான். அதற்குப் பதிலாக இரும்புக் கை ஒன்று பொருத்தப்படுகிறது. பின்னர் ஆய்வுகூடத்திலே நிகழும் வெடிவிபத்தில் மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது, உடல் மறைந்துவிடுகிறது. ஆனால் இரும்புக் கை மட்டும் மறையவில்லை. சில காலத்தின் பின் உருவம் மீளுகிறது. மறுபடி மறைய வேண்டுமாயின் மறுபடியும் மின்சாரத்தைத் தொடவேண்டும். இச்சக்தியைப் பெற்றவன் முதலில் நாடியது தொண்டை அன்று, களவையும் கொள்ளையையுமே. பின்னரே அவன் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பிற் சேர்ந்து தீயோரை எதிர்க்கிறான்.

நூலின் சிறப்புக்களில் முதன்மையானது சித்திரம். இல்லாத ஒருவனை வரைவது எளிதான காரியமன்று. பிளாஸ்கோ கறுப்பு மையையும் வெள்ளைத் தாளையும் மட்டுமே கொண்டு அதனைச் சாதித்துள்ளார். வெறுமையில் மிதக்கும் ஓர் இரும்புக் கையும், அதனைக் கண்டு திகைக்கும் முகங்களும், சுவரில் விழும் நிழலும் சேர்ந்து, காணாத மனிதனைக் காணச் செய்கின்றன. ஆங்கிலம் அறியாத சிறுவனும் படங்களைக் கொண்டே கதையைத் தொடரலாம்.

இரண்டாவது சிறப்பு நாயகனின் குணவியல்பு. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் சுப்பர்மான் பிறப்பிலேயே வல்லவன், இயல்பிலேயே நல்லவன். கிராண்டலோ கசந்த மனத்தினன், பேராசை கொண்டவன். அதிகாரம் கைக்கு வந்தால் மனிதன் என்ன செய்வான் என்ற பழைய கேள்வியைச் சிறுவர் ஏடொன்று இவ்வளவு துணிவாகக் கேட்டமை பாராட்டத்தக்கது.

மூன்றாவது, ஆற்றலுக்கு விதித்த எல்லை. மின்சாரம் இல்லையேல் மாயாவி இல்லை. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தலில் திரியிட்ட குப்பி விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். அந்த ஊருக்கு மாயாவி வந்திருந்தால் அவனும் சாதாரண மனிதனாகவே திரிந்திருப்பான். எல்லையுள்ள ஆற்றலே கதைக்குச் சுவை தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனிக் குறைபாடுகளை நோக்குவோம். வாரந்தோறும் சில பக்கங்களாக வெளிவந்த தொடர் ஆதலால், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஓர் ஆபத்து நிகழவேண்டியிருந்தது. தொடக்கத்திலே பழைய செய்தியை நினைவூட்டவும் வேண்டியிருந்தது. ஒரு வாரம் காத்திருந்த சிறுவனுக்கு அது விருந்து. ஒரே இருப்பில் நூலை வாசிப்பவருக்கோ சலிப்பு. ஆகவே இத்தொகுதியை நாளுக்குச் சில பக்கங்களாகப் படிப்பதே தக்கது.

பெண்களுக்கு இக்கதையில் இடமில்லை என்றே கூறலாம். விஞ்ஞானமும் மேலோட்டமானது. கண்ணின் விழித்திரை ஒளியை உட்கொள்வதனாலேயே பார்வை உண்டாகிறது. உடல் முழுவதும் ஒளியைத் தடையின்றிச் செல்லவிடுமாயின் விழித்திரையும் ஒளியை உட்கொள்ளாது. மறைந்தவன் குருடனாகவே இருப்பான். ஆயினும் இது பெருங்குற்றமன்று. வகுப்பறையில் ஒளியியலைத் தொடங்குவதற்கு ஆசிரியருக்கு இது நல்லதொரு வாயிலாகும்.

பெருங்குறை வேறொன்று. அது யாழ்ப்பாணத்து வாசகருக்கே முதலிற் புலப்படும். கையை இழந்த ஒருவன் இக்கதையின் நாயகன். ஆனால் இழந்தபின் அவன் எவ்வாறு சட்டைக்குப் பொத்தான் இட்டான், எவ்வாறு எழுதப் பழகினான், பொருத்திய கை எத்தனை நாள் வலித்தது என்பவற்றில் நூலுக்கு அக்கறை இல்லை. இரும்புக் கை அவனுக்கு ஆயுதம், கண்டவர்க்கு அச்சம். உறுப்பிழந்தவன் மனங்கசந்து தீயவனாவான் என்ற பழைய எண்ணத்தின் சாயலும் கதையின் தொடக்கத்திற் படிந்திருக்கிறது.

போரினாலும் மிதிவெடியினாலும் கை கால் இழந்தவர்கள் வாழும் நாடு இது. குடாநாட்டின் வாயிலாகிய முகமாலைப் பகுதியில், 2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின்னும் மிதிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடைபெற்றது. உயிரைக் கொல்லாது காலை மட்டும் பறிக்கும் வெடிகள் பல. செயற்கைக் கால் இங்கு கதைப் பொருளன்று. 1968ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த பெயர். செருப்பின்றியும் நடக்கலாம், நீர் தேங்கிய வயலிலும் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். பிள்ளை வளர வளர உறுப்பையும் மாற்றிப் பொருத்தவேண்டும். இவற்றை அறிந்த ஒரு சிறுமி இந்நூலைப் படித்தால், கிராண்டலிடம் கேட்கப் பல கேள்விகள் அவளுக்கு இருக்கும். நூலில் அவற்றுக்கு விடை இராது.

அவ்வாறாயின் இந்நூலைப் பிள்ளைகளிடம் கொடாது விடலாமா? விடலாகாது. அதற்கும் காரணம் நூலிலேயே உண்டு. உடல் முழுவதும் மறைந்தபோதும் செயற்கைக் கை மறைவதில்லை. தன் இழப்பை மட்டும் ஒளிக்க இயலாதவனாக நாயகன் நிற்கிறான். பின்னர் அந்தக் கையோடுதான் பிறரைக் காக்கவும் செல்கிறான். ஒருவரும் அவன்மீது இரக்கங் காட்டி மூலையில் இருத்திவிடவில்லை. நூலாசிரியர் எண்ணிச் செய்தாரோ எண்ணாது செய்தாரோ, இப்படிமம் வலிமை வாய்ந்தது. உறுப்பிழந்தோரை ஒன்றில் இரக்கத்துக்குரியவராகவும் அல்லது பார்வைக்கு அப்பாற்பட்டவராகவும் வைத்துவிடும் வழக்கத்துக்கு அது மறுப்பாகும்.

எனவே பாடசாலை நூலகங்களும் ஊர் வாசிகசாலைகளும் இத்தகைய நூல்களை ஒதுக்கவேண்டுவதில்லை. கொடுத்துவிட்டு வாளாவிருப்பதும் போதாது. வாசித்து முடித்த பிள்ளையிடம், இரும்புக் கை இல்லாதிருந்தால் கிராண்டல் யாராயிருப்பான் என்று கேட்கலாம். அவனது ஒரு நாள் வாழ்வை, மின்சாரமும் சாகசமும் இல்லாத ஒரு நாளை, எழுதிவரச் சொல்லலாம். பல் துலக்குவதும், தேநீர்க் கோப்பையைத் தூக்குவதும், பேருந்திற் கம்பியைப் பிடித்து நிற்பதும் அக்கட்டுரையில் இடம்பெறும். பிளாஸ்கோவின் தூரிகை தொடாது விட்ட பக்கங்களை அவ்வாறு பிள்ளைகளே நிரப்பிக்கொள்வர்.